விலையை உறைய வைத்தால் பணவீக்கம் நின்றுவிடுமா? போர்க்கால அரசு பற்றிய உருவகப் பயிற்சிக்கு உதவி தேவை

வரைபடப்பிரியன் (கேள்வி)

கல்லூரி மாணவர்களுக்காக ஒரு போர்க்கால உருவகப் பயிற்சி தயாராகிக்கொண்டிருக்கிறது. கற்பனை நாடு. தொழிற்சாலைகள் உண்டு, ஆனால் உணவில் பாதி கப்பலில் வர வேண்டும். ஆறு பேருக்கு ஆறு பொறுப்பு: பிரதமர், நிதி, உணவு, உற்பத்தி, தொழிலாளர், உள்துறை. ஒரு சுற்று என்பது மூன்று மாதம். மொத்தம் 12 சுற்று.

சிக்கல் இதுதான். எல்லோரும் முதல் சுற்றிலேயே "விலையை உறைய வை" சீட்டைப் போடுகிறார்கள், பணவீக்கம் காலி. அடுத்து "ஆயுதத்துக்கே முதல் முன்னுரிமை" சீட்டு. டாங்கியும் விமானமும் கொட்டுகின்றன. நான்காவது சுற்றிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. எந்த நாடும் இவ்வளவு சுலபமாகப் போர் நடத்தியதில்லை என்று தெரியும். ஆனால் முட்டுக்கட்டை எங்கே, எதனால் விழும் என்பதை விதியாக எழுத வரவில்லை.

பணம், உணவு, மூலப்பொருள், ஆள் ஆகிய நான்கிலும் கட்டுப்பாடு எந்த வரிசையில் வந்தது? ரேஷன் புத்தகம் கடை கவுன்டர் வரை எப்படி வேலை செய்தது? எது உடைந்தது, ஏன்? போர் முடிந்த பிறகு எதெல்லாம் போகாமல் தங்கியது? "போரால் சமூகம் மாறியது" என்ற பொதுப்படையான வரி பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நட்டு, போல்ட்டு அளவில் வேண்டும். இரண்டு உலகப் போர்களிலிருந்து உதாரணம் போதும்.

கஜானா

விலை உறைவுச் சீட்டு இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள். அதற்கு முன் நிதியமைச்சர் கையில் ஒரு சின்னக் கணக்கைக் கொடுங்கள்.

அமைதிக் காலத்தில் நாட்டின் உற்பத்தி 100. அரசுக்கு 15, மக்களுக்கு 85. போர் வந்ததும் வேலையில்லாதவருக்கு வேலை, இருப்பவருக்கு ஓவர்டைம். உற்பத்தி 115 ஆகிறது. அரசு அதில் 60 எடுத்துக்கொள்கிறது. கடைக்கு வருவது 55. ஆனால் சம்பளமும் லாபமுமாக மக்கள் கைக்குப் போனது 115. வரி 25, அவர்களாகச் சேமிப்பது 15 என்றால் கையில் மிச்சம் 75. அதாவது 75க்குப் பணம், 55க்குத்தான் சரக்கு. இடைவெளி 20. சும்மா விட்டால் விலை 36 சதவீதம் ஏறித்தான் கணக்கு நேராகும். ஏறிய விலைக்குச் சம்பள உயர்வு கேட்பார்கள், கொடுத்தால் மறுபடி அதே இடைவெளி.

1940இல் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் பிரிட்டன் அரசிடம் வாதாடியது இதே கணக்கை வைத்துத்தான். 1941 பட்ஜெட்டில் வருமான வரியின் அடிப்படை விகிதம் பவுண்டுக்கு 10 ஷில்லிங் ஆனது, சரி பாதி. வரிவிலக்கு வரம்பையும் குறைத்தார்கள். அப்படிக் குறைத்ததால் கூடுதலாகப் பிடித்த தொகையை "போருக்குப் பின் திருப்பித் தருவோம்" என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். கடைசிப் பாக்கி தீர 1970கள் ஆயின என்பது வேறு விஷயம்.

வரிச் சீட்டில் இரண்டு இடறல் வையுங்கள். ஒன்று, வசூலிக்கும் வேகம். போன வருட வருமானத்துக்கு இந்த வருடம் வரி கட்டும் முறையில், நடுவில் ராணுவத்தில் சேர்ந்தவனிடம் கட்டப் பணம் இருக்காது. அதனால்தான் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் முறை அமெரிக்காவில் 1943இலும் பிரிட்டனில் 1944 ஏப்ரலிலும் வந்தது. மாறும் வருடத்தில் பழைய வரி, புது வரி என இரண்டும் ஒன்றாகத் தலையில் விழும். அமெரிக்கா அதைத் தவிர்க்க ஒரு வருட வரியில் முக்கால் பங்கைத் தள்ளுபடி செய்தது. அங்கே வருமான வரி கட்டியவர்கள் 1939இல் சுமார் 40 லட்சம். போர் முடியும்போது 4 கோடிக்கு மேல். ஆகவே வரிச் சீட்டின் பலன் இரண்டு சுற்று கழித்து வரட்டும்.

இரண்டாவது, மிகை லாப வரி, அதாவது போருக்கு முந்தைய லாபத்துக்கு மேல் வந்ததற்கான வரி. பிரிட்டன் 1940இல் இதை 100 சதவீதம் ஆக்கியது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மிச்சம் பிடித்தாலும் அரசுக்கே, வீணடித்தாலும் அரசுக்கே என்றால் எந்த நிறுவனம் செலவைக் குறைக்கும்? அடுத்த வருடமே 20 சதவீதத்தைப் போருக்குப் பின் திருப்பித் தருவதாகச் சொல்ல வேண்டி வந்தது.

கடன் பத்திரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். தொழிலாளி தன் சம்பளத்தில் பத்திரம் வாங்கினால் இடைவெளி குறையும். அதே பத்திரத்தை வங்கி வாங்கினால் ஏறத்தாழ நோட்டு அடித்த மாதிரிதான். யாருடைய செலவும் குறையவில்லை. அமெரிக்காவின் சிறு பத்திரம் 18.75 டாலருக்கு விற்று, 10 வருடத்தில் 25 டாலராகத் திரும்பியது. சம்பளப் பிடித்தத்தில் மாதாமாதம் சேரும்படி வைத்ததன் காரணம் இதுதான். மறுபக்கம், நீண்டகாலப் பத்திர வட்டி 2.5 சதவீதத்தைத் தாண்டாமல் மத்திய வங்கியே மிச்சத்தை வாங்கிக்கொண்டது. 1942இல் போட்ட அந்த முடிச்சு 1951இல்தான் அவிழ்ந்தது.

இப்போது உங்கள் விலை உறைவு. அமெரிக்காவில் 1942 ஏப்ரல் கடைசியில் வந்த பொது ஆணை, ஒவ்வொரு கடைக்காரரும் மார்ச் மாதம் வாங்கிய அதிகபட்ச விலையே உச்சவரம்பு என்றது. மார்ச்சில் மொத்த வியாபாரி விலையை ஏற்றிவிட்டான், சில்லறைக் கடைக்காரன் பழைய சரக்கைப் பழைய விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான். உறைந்ததும் சில்லறைக் கடைக்காரன் நடுவில் நசுங்கினான். கடைக்குக் கடை உச்சவரம்பு வேறு என்பதால் வாங்குபவருக்கு எது சட்டப்படியான விலை என்றே தெரியவில்லை. மார்ச்சில் இல்லாத புது மாடல் என்று சொல்லி மட்டமான துணியைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். பிறகுதான் டாலர், சென்ட் கணக்கில் பட்டியல் அச்சிட்டுக் கடையில் தொங்கவிட்டு, தன்னார்வலர்களை வைத்துச் சரிபார்த்தார்கள்.

ஆக, உறைவுச் சீட்டு இடைவெளி 20ஐ அழிக்காது. வரிசை, கவுன்டருக்கு அடியில் விற்பது, தரக் குறைவு என்று வேறு வடிவில் அதே 20 வெளியே வரும். அந்தச் சீட்டைப் போட்டவர் இரண்டு சுற்றுக்குள் ரேஷன் சீட்டையும் போட்டாக வேண்டும் என்று விதி வையுங்கள்.

அவுன்ஸ்கணக்கு

ரேஷன் பகுதிக்கு நான் எழுதுகிறேன். பிரிட்டனை எடுத்துக்கொள்வோம், உங்கள் கற்பனை நாட்டுக்கு அதுதான் பொருத்தம்.

முதலில் ஆள் கணக்கு. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் ரேஷன் கிடையாது. 1939 செப்டம்பர் 29 அன்று தேசியப் பதிவு நடந்தது, வீட்டுக்கு வீடு அடையாள அட்டை. அதை வைத்து ரேஷன் புத்தகம். 1940 ஜனவரி 8 அன்று தொடக்கம்: ஆளுக்கு வாரம் பன்றி இறைச்சி 4 அவுன்ஸ், வெண்ணெய் 4 அவுன்ஸ், சர்க்கரை 12 அவுன்ஸ் (4 அவுன்ஸ் என்பது சுமார் 113 கிராம்). போர் அறிவித்து நான்கு மாதம் கழித்து. உங்கள் ஆட்டத்தில் பதிவுச் சீட்டு போடாதவர் ரேஷன் சீட்டு போடக் கூடாது.

கவுன்டரில் நடப்பது இப்படி. வாடிக்கையாளர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு கடையில் பெயர் பதிய வேண்டும். புத்தகத்திலிருந்து அடிச்சீட்டைக் கிழித்துக் கடைக்காரரிடம் கொடுப்பார். கடைக்காரர் அவற்றை எண்ணி வட்டார உணவு அலுவலகத்துக்கு அனுப்புவார். 400 பேர் பதிந்திருந்தால், 400 பேருக்கான வெண்ணெய்க்கு மட்டும் கொள்முதல் அனுமதி. அதைக் காட்டித்தான் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்க முடியும். சரக்கு மேலிருந்து கீழே வருகிறது, சீட்டு கீழிருந்து மேலே போகிறது. இரண்டும் பொருந்த வேண்டும். சீட்டு மேலே போகாத ரேஷன் வெறும் காகிதம். கடைக்காரர் விற்றது யாருக்கு என்று கேட்க வழியே இருக்காது.

இந்த முறையின் நன்மை: பங்கு நிச்சயம். எந்தக் கடைக்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிவதால் வரிசை குறைகிறது. குறை: வாடிக்கையாளர் கட்டிப்போடப்படுகிறார், குண்டுவீச்சில் ஊர் மாறினால் பதிவு மாற்றும் வேலை அலுவலகத்தின் கழுத்தை நெரிக்கும்.

எல்லாப் பொருளுக்கும் இது ஒத்துவராது. டப்பா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வாரம் ஒரு டப்பா என்று உறுதி சொல்லும் அளவுக்குச் சரக்கு இல்லை. சிலருக்கு அது பிடிக்கவும் பிடிக்காது. அதற்குத்தான் 1941 டிசம்பர் 1 அன்று புள்ளி முறை வந்தது: நான்கு வாரத்துக்கு ஆளுக்கு 16 புள்ளி, எந்தக் கடையிலும் செலவழிக்கலாம். ஒரு பொருள் அலமாரியில் தூங்கினால் அதன் புள்ளியைக் குறைப்பார்கள், பறந்தால் கூட்டுவார்கள். பணத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது நாணயம் ஓடுகிறது. அதில் பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே சம்பளம். ரேஷனில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

இறைச்சிக்கு வேறு தந்திரம். எடைப்படி கொடுத்தால் எல்லோரும் நல்ல துண்டையே கேட்பார்கள். அதனால் 1940 மார்ச்சில் பெரியவர் ஒருவருக்கு வாரம் 1 ஷில்லிங் 10 பென்ஸ் மதிப்புக்கு என்று வைத்தார்கள். மட்டமான துண்டை வாங்கினால் எடை கூடும்.

போர் முழுவதும் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் ரேஷனில் போடவில்லை. சுரங்கத்தில் இறங்குபவனுக்கும் எழுத்தருக்கும் பசி ஒன்றல்ல. ஆளாளுக்கு அளந்து கொடுக்க முடியாது. அளவில்லாமல் கிடைக்கும் ஒரு வயிற்றுநிரப்பி இருந்தால் மற்ற ரேஷனை இறுக்கலாம். அதற்கு விலை, ரொட்டி மாவில் தவிடு கூடியது. 1942இல் கோதுமையில் 85 சதவீதத்தை மாவாக்கினார்கள், மக்கள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். கேன்டீன் இல்லாத வயல் வேலைக்காரர், சுரங்கத் தொழிலாளி போன்றவர்களுக்குக் கூடுதல் பாலாடைக்கட்டி. கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் 1940 ஜூலை முதல் நாளுக்கு ஒரு பைன்ட் பால், 2 பென்ஸுக்கு அல்லது இலவசமாக.

ரகசியம் முக்கியம். "அடுத்த வாரம் துணிக்கு ரேஷன்" என்று கசிந்தால் இந்த வாரமே கடை காலி. 1941 ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை, கடைகள் மூடியிருந்தபோது அறிவித்தார்கள். புதுக் கூப்பன் அச்சடித்தால் அச்சகத்திலிருந்தே செய்தி பரவும். அதனால் உணவுப் புத்தகத்தில் பயன்படாமல் கிடந்த மார்கரின் கூப்பனையே துணிக் கூப்பனாக்கிவிட்டார்கள். ஆளுக்கு வருடத்துக்கு 66. பெண்களின் கம்பளி உடைக்கு 11, ஆண்களின் ஷூவுக்கு 7. அடுத்த வருடமே அந்த 66ஐயும் குறைத்துவிட்டார்கள். 1942இல் துணி மிச்சப்படுத்த ஆண்களின் கால்சட்டையில் மடிப்பு வைப்பதையும் தடை செய்தார்கள். நீளமான கால்சட்டை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஓட்டை என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், அளவில் சின்னது, எண்ணிக்கையில் நிறைய.

இன்னொரு விஷயம்: ரேஷனில் இருக்கும் பொருளும் தட்டுப்பாடான பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கா 1942 டிசம்பர் 1 முதல் நாடு முழுவதும் பெட்ரோலை ரேஷனில் போட்டது. பெரும்பாலான மாகாணங்களில் பெட்ரோலுக்குப் பஞ்சமில்லை. ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்ததில் ரப்பர் வரத்து அறுந்துபோனது. டயர் தேயாமல் இருக்க வண்டி ஓடாமல் இருக்க வேண்டும், வண்டி ஓடாமல் இருக்க பெட்ரோல் கிடைக்காமல் இருக்க வேண்டும். வேக வரம்பும் மணிக்கு 35 மைல். கள்ளக் கூப்பன் பெருகியதும், கூப்பனின் பின்னால் வண்டி எண்ணை எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

வரைபடப்பிரியன்

இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டாவது நாணயம் என்ற கருத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். உற்பத்தி அமைச்சர்தான் இன்னும் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார். "முதல் முன்னுரிமை" சீட்டு எதனால் தோற்கிறது?

பட்டறை

எல்லோருக்கும் முதல் முன்னுரிமை கொடுத்ததால்.

முதல் உலகப் போரில் அமெரிக்க ரயில்வேயைப் பாருங்கள். 1917இல் ஆளாளுக்கு அரசு அதிகாரிகள் சரக்குப் பெட்டிகளில் முன்னுரிமைச் சீட்டை ஒட்டினார்கள். கிழக்குத் துறைமுகங்களுக்குப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கப்பல் இல்லை, இறக்க இடமில்லை. பெட்டிகளே கிடங்காகி வரிசையில் நின்றன. திரும்பி வராததால் சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றப் பெட்டி இல்லை. நிலக்கரி இல்லாததால் கப்பல் கிளம்பவில்லை. டிசம்பர் கடைசியில் அரசே ரயில்வேயை எடுத்துக்கொண்டது. முன்னுரிமை கொடுப்பவருக்குச் செலவே இல்லாத ஒன்று; அதனால் அது மலிந்துவிடும்.

1941-42இல் அதே தவறு உலோகத்தில் நடந்தது. உயர்ந்த முன்னுரிமைத் தரச் சீட்டு உள்ள ஆர்டர் முதலில் என்றார்கள். ராணுவம் எல்லாவற்றுக்கும் உயர்ந்த தரம் போட்டது. அதற்கு மேல் ஒரு தரம், அதற்கும் மேல் இன்னொன்று. கையில் இருக்கும் எஃகைவிட அதிகமான எஃகுக்குச் செல்லுபடியாகும் சீட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பணவீக்கம் மாதிரியே இது முன்னுரிமை வீக்கம்.

தீர்வு, 1942 நவம்பரில் அறிவித்து 1943இல் நடைமுறைக்கு வந்த கட்டுப்படுத்தப்பட்ட மூலப்பொருள் திட்டம். மூன்றே உலோகம்: எஃகு, தாமிரம், அலுமினியம். ராணுவம், கடற்படை, நேச நாட்டு உதவி, பொதுமக்கள் தேவை என்று கேட்பவர்கள் ஒவ்வொருவரும் காலாண்டுக்கு எவ்வளவு டன் வேண்டும் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். போர் உற்பத்தி வாரியம் மொத்த வரத்தைக் கூட்டிப் பார்த்து, கேட்பைக் குறைத்து, டன் கணக்கில் பங்கு பிரித்துவிடும். கடற்படை தன் பங்கைக் கப்பல் கட்டும் தளத்துக்கும், தளம் தன் துணை ஒப்பந்தக்காரருக்கும் ஒதுக்கீட்டு எண்ணோடு பிரித்துக் கொடுக்கும். எண் இல்லாத ஆர்டரை ஆலை தொடாது. வரத்துக்கு மேல் ஒரு டன்கூடச் சீட்டு இருக்காது. அமைச்சர்கள் மேஜையில் சண்டை போடட்டும், ஆலை வாசலில் வேண்டாம் என்பதுதான் இதன் சாரம்.

இதிலும் ஒரு ஓட்டை. உலோகம் கிடைத்தது, உதிரி பாகம் கிடைக்கவில்லை. வால்வு, பேரிங், சின்ன மோட்டார், வெப்பப் பரிமாற்றி ஆகியவற்றுக்காக, செயற்கை ரப்பர் ஆலையும் விமான பெட்ரோல் ஆலையும் துணைக் காவல் கப்பலும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. உங்கள் ஆட்டத்தில் "எஃகு" ஒன்றை மட்டும் வைக்காதீர்கள். "வால்வும் பேரிங்கும்" என்று ஒரு சின்னக் குவியலும் வையுங்கள். பெரும்பாலான சுற்றுகளில் முதலில் தீருவது அதுவாக இருக்கட்டும்.

இலக்கைக் கண்டபடி ஏற்றுவதற்கும் தண்டனை வேண்டும். 1942இல் போர் உற்பத்தி வாரியத்தின் பொருளாதார நிபுணர்கள் சைமன் குஸ்னெட்ஸும் ராபர்ட் நேதனும் தேசிய வருமானக் கணக்கை வைத்து, ராணுவம் 1943க்குக் கேட்கும் அளவு நாட்டின் சக்திக்கு மீறியது என்று காட்டினார்கள். ராணுவத் தரப்பில் கடும் கோபம். கடைசியில் சுமார் 80 பில்லியன் டாலருக்குக் குறைத்தார்கள். குறைக்காமல் விட்டால் பாதி கட்டிய தொழிற்சாலை நிறைய நிற்கும். இயந்திரம் இருக்கும், மூலப்பொருள் இருக்காது.

கடைசியாக ஆள். பணத்தை அச்சடிக்கலாம், எஃகை இறக்குமதி செய்யலாம், இருபது வயதுக்காரனை அச்சடிக்க முடியாது. 1914-15இல் பிரிட்டனின் திறமையான கடைசல்காரர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் தாமாகவே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்கள். பிறகு பீரங்கிக் குண்டு செய்ய ஆளில்லாமல் முன்னணியிலிருந்து திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. அதனால் 1939 ஜனவரியிலேயே ஒதுக்கப்பட்ட தொழில்களின் பட்டியலை வெளியிட்டார்கள்: இந்த வேலையில், இந்த வயதுக்கு மேல் இருந்தால் ராணுவம் எடுக்காது. 1941 மார்ச்சில் அத்தியாவசிய வேலை ஆணை. இது இருபுறமும் கட்டும் கயிறு. அதிகாரியின் அனுமதி இல்லாமல் தொழிலாளி வேலையை விட முடியாது, முதலாளி நீக்கவும் முடியாது. வேலை இல்லாத நாளுக்கும் குறைந்தபட்ச வாரக் கூலி உண்டு. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் போடும் தொழிலாளர் அமைச்சருக்கு வேலைநிறுத்தம் உடனே வரட்டும். டிசம்பரில் 20 முதல் 30 வயதுக்குள் மணமாகாத பெண்களையும் சேவைக்கு அழைக்கும் சட்டம் வந்தது. 1942 கடைசியிலிருந்து மந்திரிசபை பட்ஜெட் போடுவதைப் போல ஆள் கணக்கைப் போட்டது: இந்தத் துறைக்கு இத்தனை ஆயிரம் பேர், அந்தத் துறையிலிருந்து இத்தனை பேர் வெட்டு.

அப்படியும் நிலக்கரி கவிழ்ந்தது. சுரங்கத்திலிருந்து ஆட்கள் போய்விட்டார்கள். 1943 டிசம்பரிலிருந்து குலுக்கலில் வந்த இலக்கம் பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தோடு ஒத்துப்போனவரை ராணுவத்துக்குப் பதில் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். சீருடை இல்லாததால் தெருவில் "ஏன் பட்டாளத்துக்குப் போகவில்லை" என்ற கேள்வியை அவர்கள் சந்திக்க வேண்டியிருந்தது.

சட்டப்புத்தகம்

பிரதமருக்கும் உள்துறைக்கும் யாரும் வேலை கொடுக்கவில்லையே!

மேலே சொன்ன எல்லாமே ஒரு சட்டத்தின் முதுகில் ஏறி வந்தவை. பிரிட்டனில் அவசர அதிகாரச் சட்டம் 1939 ஆகஸ்ட் 24, அதாவது போருக்கு முன்பே. 1940 மே 22இல் அதை விரித்து, ஆளும் சொத்தும் அரசின் கட்டளைக்கு உட்பட்டவை என்றார்கள். ஒரே நாளில் நிறைவேறியது. அதன்பின் ஒவ்வொரு கட்டுப்பாடும் ஆணையாக வந்தது, நாடாளுமன்ற விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. சர்ச்சில் பதவியேற்றபோது போர் மந்திரிசபையில் ஐந்தே பேர். பிரதமரே பாதுகாப்பு அமைச்சரும்கூட. சோவியத் யூனியனில் 1941 ஜூன் 30 அன்று அமைத்த அரசுப் பாதுகாப்புக் குழுவிலும் தொடக்கத்தில் ஐந்து பேர். அமைப்பு எதுவானாலும் முடிவு மேஜை சின்னதாகிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: 1935இல் தேர்ந்தெடுத்த பிரிட்டன் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் சட்டம் போட்டுத் தன் ஆயுளை நீட்டி 1945 வரை உட்கார்ந்தது; அமெரிக்காவோ 1942இலும் 1944இலும் வழக்கம்போலத் தேர்தல் நடத்தியது. தேர்தலைத் தள்ளிப்போடுவது போரின் கட்டாயம் என்று எழுதிவிடாதீர்கள்.

உள்துறைக்கு இரண்டு இடறல். முதலாவது, விசாரணை இல்லாத காவல். பிரிட்டனின் 18பி விதியில் "நியாயமான காரணம் இருப்பதாக" அமைச்சர் நம்பினால் போதுமா, காரணம் உண்மையில் இருக்க வேண்டுமா என்று 1941இல் லிவர்சிட்ஜ் வழக்கில் கேள்வி வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அமைச்சரின் சொல்லே போதும் என்றார்கள். அட்கின் பிரபு ஒருவர்தான் மறுத்து எழுதினார். பிற்காலச் சட்டம் அவர் பக்கம் வந்தது. அமெரிக்காவில் 1942 பிப்ரவரி 19 ஆணையால் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாமுக்குப் போனார்கள், பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். உச்ச நீதிமன்றம் 1944இல் வெளியேற்றத்தை ஏற்றது. 1988இல் உயிரோடிருந்தவர்களுக்கு அரசு மன்னிப்பும் தலா 20,000 டாலரும் கொடுத்தது. போர்க்காலத்தில் நீதிமன்றம் தடுக்கும் என்று நம்பி உள்துறை ஆடுபவர் இருந்தால் ஏமாறுவார்.

இரண்டாவது, சட்டத்தின் கை எட்டாத இடம். பிரிட்டனில் 1940 ஜூலையில் வந்த 1305ஆம் ஆணை வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. 1942 ஜனவரியில் கென்ட் பகுதியில் பெட்டஷாங்கர் சுரங்கத்தில் வேலைநிறுத்தம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மேல் வழக்கு. மூன்று சங்க நிர்வாகிகளுக்குச் சிறை, மற்றவர்களுக்கு அபராதம். சிறையில் இருப்பவர்களோடுதான் சமரசம் பேச வேண்டியிருந்தது! பதினொரு நாளில் விடுவித்தார்கள். அபராதம் கட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயிரம் பேரையும் உள்ளே வைத்தால் நிலக்கரி யார் வெட்டுவது?

சமூகம் பற்றி ஒரே ஒரு சீட்டு. 1939 செப்டம்பரின் முதல் மூன்று நாளில் சுமார் 15 லட்சம் பேரை, பெரும்பாலும் குழந்தைகளை, நகரங்களிலிருந்து அனுப்பினார்கள். கிராமத்து நடுத்தர வீடுகள் நகரச் சேரியின் குழந்தைகளை முதல்முறை நேரில் பார்த்தன. குண்டு விழாததால் பலர் சில மாதத்தில் திரும்பிவிட்டார்கள், ஆனால் பார்த்தது பார்த்ததுதான். 1942 டிசம்பரில், எல்லோருக்கும் சமூகக் காப்பீடு வேண்டும் என்ற பெவரிட்ஜ் அறிக்கை வந்தபோது அதைப் படிக்க ஆள் இருந்தது.

நெல்லும்நோட்டும்

மேலே எல்லாம் ஒழுங்காக நடந்த ஊர்களின் கதை. ஒழுங்காக நடக்காத இரண்டையும் சேருங்கள், இல்லாவிட்டால் மாணவர்கள் ரேஷனை மந்திரக்கோல் என்று நினைப்பார்கள்.

முதல் உலகப் போர், ஜெர்மனி. 1914 இறுதியில் தானியத்துக்கு விலை உச்சவரம்பு போட்டார்கள், இறைச்சிக்குப் போடவில்லை. விவசாயி என்ன செய்வார்? தானியத்தையும் உருளைக்கிழங்கையும் விற்காமல் பன்றிக்குப் போட்டு, பன்றியை விற்றார். பன்றி நம் உணவைத் தின்கிறது என்று நிபுணர்கள் சொல்ல, 1915இல் பல பத்து லட்சம் பன்றிகளை வெட்ட வைத்தார்கள். சில வாரம் இறைச்சி குவிந்தது, பிறகு கொழுப்புக்குப் பஞ்சம், வயலுக்கு எருவுக்கும் பஞ்சம். 1916-17 குளிரில் மக்கள் மாட்டுத்தீவனக் கிழங்கைச் சாப்பிட்டார்கள். ஒரு பொருளுக்கு மட்டும் உச்சவரம்பு போட்டால் சரக்கு பக்கத்துப் பொருளுக்கு ஓடிவிடும். கஜானா சொன்ன விதியோடு இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 1943 வங்காளம். பிரிட்டன் இந்தியாவில் போருக்குச் செலவழித்ததில் தன் பங்குக்கு லண்டனில் ஸ்டெர்லிங்காகக் கணக்கு வைத்தது. அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சானது. புழக்கத்தில் இருந்த நோட்டு போர் ஆண்டுகளில் பல மடங்கு பெருகியது, அதற்கு ஈடான சரக்கு சந்தைக்கு வரவில்லை. பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றது. ஜப்பான் கையில் சிக்கக் கூடாது என்று 1942இல் கரையோரப் படகுகளைப் பறித்தார்கள். மீன்பிடிப்பும் உள்ளூர்ச் சரக்குப் போக்குவரத்தும் படுத்தன. மாகாணங்கள் ஒன்றுக்கொன்று தானியம் அனுப்பத் தடை போட்டுக்கொண்டன. கல்கத்தாவில் தொழிற்சாலை, அரசு ஊழியர்களுக்கு முன்னுரிமைப் பட்டியல் இருந்தது, முதலாளிகள் வழியாக அரிசி போனது. கிராமத்து நிலமற்ற கூலிக்குப் பட்டியலும் இல்லை, கூப்பனும் இல்லை. 1943 மார்ச்சில் விலைக் கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள். கல்கத்தாவில் முறையான ரேஷன் 1944 ஜனவரி கடைசியில்தான் வந்தது. செத்தவர்கள் சுமார் 30 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கூப்பன் கொடுக்காத இடத்தில் விலையே ரேஷன். அது யாரைத் தள்ளிவிடும் என்று உங்கள் உணவு அமைச்சரைக் கேளுங்கள். ஆட்டத்தில் நகரம், கிராமம் என்று இரண்டு தனி மக்கள்தொகை வையுங்கள். ஓட்டு, செய்தித்தாள், தொழிற்சாலை எல்லாம் நகரத்தில் இருக்கட்டும்.

கஜானா

கடைசிக் கேள்விக்கு யாரும் வரவில்லை, நானே சொல்கிறேன்.

போர் நின்றதும் கணக்கு தலைகீழாகாது. மக்கள் ஐந்து வருடம் வாங்க முடியாமல் சேர்த்த பணம் அப்படியே இருக்கிறது, தொழிற்சாலை இன்னும் கார் செய்யத் தொடங்கவில்லை. அமெரிக்காவில் விலைக் கட்டுப்பாடு 1946 ஜூன் 30 அன்று காலாவதியானதும் விலை எகிறியது; மறுபடி போட்டபோது விவசாயிகள் கால்நடையைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள், இலையுதிர் காலத்தில் அரசு விட்டுக்கொடுத்தது. பிரிட்டன் எதிர்த்திசையில் போனது: போரில் ரேஷனில் இல்லாத ரொட்டியை 1946 ஜூலையில் ரேஷனில் போட்டது, கடைசி ரேஷன் 1954 ஜூலையில் முடிந்தது. 13ஆவது, 14ஆவது சுற்று என்று இரண்டு அமைதிச் சுற்று சேருங்கள். கட்டுப்பாட்டை வேகமாக எடுத்தால் விலையால் அடி, மெதுவாக எடுத்தால் தேர்தலில் அடி.

தங்கியவை என்றால், சம்பளத்தில் பிடிக்கும் வரி போகவே இல்லை. அமெரிக்காவில் 1942இல் சம்பளத்தை உறைய வைத்தபோது ஆள் பிடிக்க முதலாளிகள் மருத்துவக் காப்பீடு கொடுத்தார்கள், அதற்கு விதிவிலக்கு இருந்தது. வேலையோடு காப்பீடு கட்டுண்டு கிடக்கும் அந்த நாட்டு ஏற்பாட்டில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அடையாள அட்டை ரேஷனுக்காக வந்தது என்று அவுன்ஸ்கணக்கு சொன்னார் அல்லவா? 1950இல், போர் முடிந்து ஐந்து வருடம் கழித்து, காரை நிறுத்திய போலீஸ்காரர் அட்டையைக் கேட்க, வில்காக் என்பவர் காட்ட மறுத்தார். நீதிமன்றம் அவர் செய்தது குற்றம்தான் என்றது, ஆனால் போர்க்காலச் சட்டத்தை இப்படி வேறு வேலைக்குப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கண்டித்தது. 1952 பிப்ரவரியில் அட்டை ஒழிந்தது.

உங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுச் சீட்டின் பின்புறமும் ஒரு கேள்வி அச்சிடலாம்: "இதை எடுக்க யார் கையெழுத்து போட வேண்டும்?" சீட்டைப் போடும்போதே அமைச்சர் அதை நிரப்பட்டும். நிரப்பாமல் விட்ட சீட்டு 14ஆவது சுற்றிலும் மேஜையில் கிடக்கும்.

வரைபடப்பிரியன்

எழுதிக்கொண்டேன். விலை உறைவுச் சீட்டில் "பதிவு இல்லாமல் ரேஷன் இல்லை, ரேஷன் இல்லாமல் உறைவு இரண்டு சுற்றுக்கு மேல் இல்லை" என்று போட்டுவிட்டேன். வால்வு, பேரிங் குவியலுக்கு 8 வில்லை வைத்தால் போதுமா, பட்டறை?

பட்டறை

ஆறு போதும். எட்டு வைத்தால் மூன்று ஆலைகளும் ஓடிவிடும்.